முதலிடம் வேறு, பெரும்பான்மை வேறு!

ஐக்கிய அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் ஆண்டு அணுகும்போதெல்லாம் பழைய வழக்கொன்றும் உயிர்பெற்று எழுகின்றது. கட்சி மகாநாட்டுக்கு வந்து சேரும் பிரதிநிதிகளுள் எவரது பக்கம் அதிகமானோர் நிற்கின்றனரோ, அவரையே கட்சியின் ஜனாதிபதி அபேட்சகராக அறிவித்துவிட வேண்டும். மொத்தப் பிரதிநிதிகளுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் அவரை ஆதரிக்க வேண்டுமென்ற நிபந்தனை அநாவசியமானது என்று ஒரு சாரார் வாதாடுகின்றனர். முதலாவதாக வந்தவரை விலக்கிவிட்டு இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தவருக்கு மகுடம் சூட்டுவது பகற்கொள்ளை அன்றோ என்பது அவர்களின் கேள்வி.

கேட்ட மாத்திரத்தில் நியாயமாகவே தோன்றும் கேள்வி இது. ஆயினும், செவிக்கு இனியதெல்லாம் தராசில் நிறை காட்டுவதில்லை. முதலிடம் என்பது வேறு. பெரும்பான்மை என்பது வேறு. முன்னதைப் பின்னதென்று எண்ணி மயங்குவதே இவ்வாதத்தின் மூலப் பிழையாகும். அப்பிழையால் விளையக்கூடிய கேடு சிறிதன்று.

கடல் கடந்த நாட்டின் கட்சி விதி எமக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். உலகின் வலிமை மிக்க பதவிக்குப் போட்டியிடும் இரு பெருங் கட்சிகளின் அபேட்சகர்களையும் அவ்விதிகளே தீர்மானிக்கின்றன. அன்றியும், பலர் போட்டியிடும் களத்தில் மக்களின் தீர்ப்பு யாது என்பதை எவ்வாறு அறிவது என்ற வினா அமெரிக்கருக்கு மட்டும் உரியதன்று. 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலங்கை வாக்காளரும் அதே வினாவுக்கு முகங்கொடுத்தனர். அதனை இக்கட்டுரையின் இறுதியில் நோக்குவோம்.

லாஸ் வேகாஸ் மேடையில்

2020ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் திகதி, நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகாஸ் நகரில் ஜனநாயகக் கட்சியின் நியமனத்தை நாடி நின்ற அறுவர் ஒரே மேடையில் விவாதித்தனர். விவாதத்தின் முடிவில் அவர்களிடம் ஒரு வினா தொடுக்கப்பட்டது. எவருக்கும் பெரும்பான்மை கிட்டாத நிலையில், அதிக பிரதிநிதிகளைப் பெற்று முன்னிற்பவரே அபேட்சகராக வேண்டுமா? பேர்ணி சாண்டர்ஸ் ஒருவர் மட்டுமே ஆம் என்றார். பைடன், வொறன், புட்டிஜிஜ், குளோபுச்சார், புளூம்பேர்க் ஆகிய ஐவரும், கட்சியின் விதிப்படி மகாநாடு தன் வேலையைச் செய்யட்டும் என்ற கருத்துப்படவே விடையிறுத்தனர்.

அன்று முன்னணியில் நின்றவர் சாண்டர்ஸ். பின்னால் நின்றவர்கள் மற்றைய ஐவர். ஒவ்வொருவரும் தாம் நின்ற இடத்துக்கேற்ற தத்துவத்தையே பேசினர் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டில் கிளின்டன் அம்மையார் முன்னணியில் நின்றபொழுது, மக்களால் தெரிவு செய்யப்படாமல் பதவியின் பேரில் மகாநாட்டில் வாக்குரிமை பெற்றிருந்த கட்சிப் பிரமுகர்கள் தம் பக்கம் திரும்ப வேண்டுமென்று கேட்டவர் இதே சாண்டர்ஸ். நான்கு ஆண்டுகள் கழிந்ததும், முன்னிற்பவருக்கே முடி என்றார். அதுமட்டுமன்று. போட்டி நிலவும் மகாநாட்டின் முதற் சுற்றில் அப்பிரமுகர்கள் வாக்களிக்கலாகாது, அச்சுற்றில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாவிடில் அடுத்த சுற்றில் வாக்களிக்கலாம் என்று 2018ஆம் ஆண்டில் கட்சி விதி திருத்தப்பட்டது. அத்திருத்தத்துக்கு வழிகோலிய குழுவில் சாண்டர்ஸ் தரப்பினரும் அமர்ந்திருந்தனர்.

மற்றைய ஐவர் மட்டும் நடுநிலையின் திருவுருவங்களோ? அல்லர். அவர்களுள் ஒருவர் அன்று முன்னணியில் நின்றிருப்பின், அவரது நாவும் வேறுவிதமாகவே புரண்டிருக்கும் என்று நம்புவதற்கு நிறைந்த இடமுண்டு. ஆகவே, ஆளைப் பார்த்து விதி பேசுவதை இவ்வறுவருக்கும் விட்டுவிட்டு, விதியை விதியாகவே நாம் ஆராய்வோம்.

குளத்தின் கீழ் ஒரு தெரிவு

எமது கமக்காரருக்கு நன்கு விளங்கக்கூடிய உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு குளத்தின் கீழ் நூறு பேர் கமஞ்செய்கின்றனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்தமையால் சிறுபோகத்துக்கு நீர் போதாது. வாய்க்காலின் மேற்பக்கத்தில் வயலுடையோர் நாற்பது பேர். இருக்கும் நீரை மேற்பக்க வயல்களுக்கே விடவேண்டும் என்பது அவர்களின் விருப்பம். கீழ்ப்பக்கத்தில் வயலுடையோர் அறுபது பேர். இருக்கும் நீரை எல்லோருக்கும் பங்கிட்டு, ஒவ்வொருவரும் குறைந்த பரப்பில் விதைக்க வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். நீர் எவ்வாறு விடப்படும் என்பது சங்கத்துக்கு எவர் தலைவராகின்றார் என்பதைப் பொறுத்தது.

மேற்பக்கத்தார் ஒருவரை நிறுத்துகின்றனர். கீழ்ப்பக்கத்தில் இருவர் முன்வருகின்றனர். இருவரும் நல்லவர்கள், இருவரும் பங்கீட்டை ஆதரிப்பவர்கள், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மட்டும் மனமில்லாதவர்கள். வாக்கு எண்ணப்படுகின்றது. மேற்பக்கத்தாரின் அபேட்சகருக்கு 40. கீழ்ப்பக்கத்து இருவருக்கும் 35, 25. முதலிடம் பெற்றவரே வென்றவர் என்ற விதி அங்கு இருக்குமாயின், மேற்பக்கத்தார் தலைமை பெறுவர். அறுபது பேரின் வயல்கள் வெடித்துக் கிடக்கும். நீரைப் பங்கிட வேண்டுமென்று நூற்றுக்கு அறுபது பேர் சொன்னார்கள். பங்கிட வேண்டாமென்று விதி சொல்லிவிட்டது!

இங்கு நடந்தது யாது? நாற்பது பேர் ஒன்றாக நின்றனர். அறுபது பேர் இரண்டாக நின்றனர். முதலிட விதி அளந்தது மக்களின் விருப்பத்தை அன்று. எந்தப் பக்கம் பிளவுபடாமல் நின்றது என்பதையே. யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியில் எல்லைக் கோட்டை முதலில் தாண்டிய சோடிக்குப் பரிசளிப்பது முற்றிலும் சரி. அங்கு அளக்கப்படுவது வேகம். தலைவரைத் தெரிவு செய்கையில் அளக்கப்பட வேண்டியது சம்மதம். சவாரியின் விதியைச் சபைக்குக் கொண்டுவருவோர் இரண்டையும் கெடுக்கின்றனர்.

இவ்வுண்மை புதியதன்று. முதலிடம் பெறும் ஒருவர், மற்றைய ஒவ்வொருவரோடும் தனித்தனியே போட்டியிட்டால் அனைவரிடமும் தோற்கக்கூடியவராகவும் இருக்கலாம் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே 1785ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

லிங்கனைத் தந்த மூன்றாஞ் சுற்று

அமெரிக்க வரலாறே இதற்குச் சான்று பகரும். 1860ஆம் ஆண்டு மே மாதம் சிக்காகோ நகரில் குடியரசுக் கட்சியின் மகாநாடு கூடியது. பெரும்பான்மைக்கு 233 வாக்குகள் வேண்டும். முதற் சுற்றில் நியூயோர்க் மாநிலத்தின் வில்லியம் சீவார்ட் 173½ வாக்குகள் பெற்று முதலிடத்தில் நின்றார். இலினோய் மாநிலத்து ஏபிரகாம் லிங்கனுக்குக் கிடைத்தவை 102 மட்டுமே. கமரன், சேஸ், பேற்ஸ் முதலியோர் எஞ்சியவற்றைப் பங்கிட்டுக்கொண்டனர். முதலிடமே போதும் என்பது அன்று விதியாக இருந்திருப்பின், அத்தோடு கதை முடிந்திருக்கும். பெரும்பான்மை வேண்டுமென்பது விதியாக இருந்தமையால் வாக்கெடுப்புத் தொடர்ந்தது. சீவார்டை ஏற்கத் தயங்கியோர் தத்தம் முதல் விருப்பத்தை விட்டு லிங்கனிடம் சேர்ந்தனர். மூன்றாஞ் சுற்றில் லிங்கன் அபேட்சகரானார்.

லிங்கன் மாமனிதராக விளங்கினார் என்பதனால் மட்டும் அவரைத் தந்த விதி நல்ல விதியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. பல சுற்றுகள் சுழன்ற பின்னரே 1920ஆம் ஆண்டில் பத்தாவது சுற்றில் ஹார்டிங்கும் வெளிவந்தார். அவரது ஆட்சியின் ஊழல்களை வரலாறு மறக்கவில்லை. மாமனிதரைத் தருவோம் என்று எந்த விதியும் உத்தரவாதம் அளிக்க முடியாது. விதி தரக்கூடியது ஒன்றே: தெரிவு செய்யப்பட்டவரைச் சபையின் பெரும்பகுதியினர் ஏற்றுக்கொண்டனர் என்ற உறுதி. முதலிட விதி அந்த உறுதியைத் தருவதேயில்லை.

மறுகோடியிலும் ஓர் அநீதி

இவ்விடத்தில் எதிர்வாதி குறுக்கிடுவார். 1924ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஜனநாயகக் கட்சி மகாநாடு 103 சுற்றுகள் வாக்களித்து, களைத்து, எவரும் எதிர்பாராத ஜோன் டேவிஸைத் தெரிவு செய்து, தேர்தலில் கூலிஜ்ஜிடம் தோற்றதை அவர் சுட்டிக்காட்டுவார். முதலிட விதி இருந்திருப்பின் இக்கேலிக்கூத்து நேர்ந்திராது என்பார்.

உண்மை. முதலிட விதி இருந்திருப்பின் முதற் சுற்றிலேயே மக்கடூ வென்றிருப்பார். கறுப்பரையும் கத்தோலிக்கரையும் யூதரையும் பகைத்து வெறியாட்டமாடிய கூ குளுக்ஸ் கிளான் கூட்டத்தாரின் ஆதரவைப் பெற்றிருந்தவர் அவர். அக்கூட்டத்தைக் கண்டிக்க முன்வராதவரும் அவரே. எத்தனையோ சுற்றுகள் முன்னிலையில் நின்றும் ஒரு சுற்றிலேனும் மொத்த வாக்கில் அரைவாசியை அவர் எட்டவில்லை. சபையின் பெரும்பகுதியினர் அவரை விரும்பவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

அன்றைய நீண்ட இழுபறிக்கு முக்கிய காரணம் பெரும்பான்மை விதியன்று. மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமென்ற விதி. ஜனநாயகக் கட்சி அதனை 1832ஆம் ஆண்டில் கைக்கொண்டது. 1844இல் டெக்சாஸை இணைப்பதற்கு எதிராக நின்ற வான் பியூறன், 266 வாக்குகளுள் 146 பெற்று முதற் சுற்றிலேயே பெரும்பான்மை அடைந்திருந்தும் விழுத்தப்பட்டார். ஒன்பதாவது சுற்றில் போல்க் வந்தார். 1912இல் சாம்ப் கிளார்க் பத்தாவது சுற்றில் பெரும்பான்மை பெற்றும் கைவிடப்பட்டார். 46ஆவது சுற்றில் வில்சன் வந்தார். இவ்விதி ஒழிக்கப்பட்டது 1936ஆம் ஆண்டிலேதான்.

சிறுபான்மையினராகிய தமிழ் மக்கள் மூன்றில் இரண்டு என்ற விதியைப் பழிக்கலாமா, அது சிறுபான்மையின் கவசமன்றோ என்று எம்மவருள் சிலர் வினவுதல் கூடும். அந்தக் கவசத்தை அங்கு அணிந்திருந்தவர் யாவர் என்று பார்ப்போம். முதலில் அடிமை முறையையும், பின்னர் நிறப் பாகுபாட்டையும் காத்து நின்ற தென்மாநில வெள்ளையரே அதனைக் கேடயமாகக் கொண்டனர். உண்மைச் சிறுபான்மையினரான தென்மாநிலக் கறுப்பருக்கு வாக்குச் சாவடியின் வாயிலே அடைக்கப்பட்டிருந்தது. மகாநாட்டு ஆசனத்தைப் பற்றிப் பேசுவானேன்? ஒரு மக்கட் கூட்டத்தின் மொழியையும் நிலத்தையும் வாக்குரிமையையும் எந்தப் பெரும்பான்மையும் தீண்டலாகாது என்று அரசியலமைப்பில் வரைந்து வைப்பது சிறுபான்மைக் காப்பு. ஓர் ஆளைத் தெரிவு செய்யும் பெரும்பான்மையின் கையைச் சிலர் பிடித்து முறுக்குவது காப்பன்று.

ஆக, ஒரு கோடியில் பாதிக்கும் குறைந்தோர் ஆளும் முதலிட விதி. மறுகோடியில் பாதிக்கும் குறைந்தோர் தடுக்கும் மூன்றிலிரண்டு விதி. இரண்டும் உடன்பிறந்த சகோதரர்கள். இரண்டுக்கும் நடுவே, பாதிக்கு ஒன்றேனும் கூடுதலாக என்ற அளவுகோல் மட்டுமே எவரையும் எவருக்கும் மேலாக நிறுத்தாதது.

புகை சூழ்ந்த அறை

எதிர்வாதியின் வலிமை மிக்க ஆயுதம் வேறொன்று. 1952ஆம் ஆண்டில் எஸ்டெஸ் கெபோவர் மாநில முன்தேர்தல்களுள் பெரும்பாலானவற்றில் வென்றார். மகாநாட்டின் முதற் சுற்றிலும் 340 வாக்குகளுடன் முன்னின்றார். அட்லாய் ஸ்டீவன்சனுக்குக் கிடைத்தவை 273. ஆயினும், மூன்றாஞ் சுற்றில் கட்சியின் முதலாளிகள் கைகொடுக்க, முன்தேர்தல்களில் இறங்காத ஸ்டீவன்சனே அபேட்சகரானார். 1968இல் நிலைமை இன்னும் மோசம். வியட்நாம் யுத்தத்தை எதிர்த்தவர்கள் முன்தேர்தல்களில் ஊரூராக வாக்குத் திரட்ட, ஒரு முன்தேர்தலிலேனும் இறங்காத ஹம்ப்ரி சிக்காகோ மகாநாட்டில் முதற் சுற்றிலேயே நியமனம் பெற்றார். மண்டபத்துக்கு வெளியே இளைஞரின் மண்டைகளைப் பொலிசாரின் குண்டாந்தடிகள் பிளந்தன.

இவை அநீதிகள் என்பதை நாம் ஒளிக்கவில்லை. ஆயின் இவற்றின் மூலம் எது? 1968இல் ஹம்ப்ரி பெற்றது முதலிடம் மட்டுமன்று, முழுப் பெரும்பான்மை. அப்பெரும்பான்மையைத் தந்த பிரதிநிதிகளுட் பெரும்பாலோரை வாக்காளர் அனுப்பவில்லை. கட்சி மேலிடத்தார் அனுப்பினர். நோய் எண்ணும் அளவில் இல்லை. எண்ணப்படும் ஆட்களில் இருந்தது. அதன் பின்னர் மக்கவன், பிரேசர் ஆகியோரின் தலைமையில் இயங்கிய ஆணைக்குழு பிரதிநிதிகளைத் தெரிவு செய்யும் முறையை மாற்றியமைத்தது. அது சரியான மருந்து. பிரதிநிதிகளை மேலிடம் நியமிக்கின்றது என்பதற்காகப் பெரும்பான்மை என்ற அளவையே முறித்தெறிவது, படியில் கல் கலந்த வியாபாரியைத் தண்டிக்காமல் படியை உடைப்பதற்கு ஒப்பாகும்.

முகமூடி அணிந்த முதலிடம்

முதலிட விதி வெறும் எதிர்கால ஆபத்தன்று. அது ஏற்கெனவே பின்வாசலால் உள்ளே நுழைந்துவிட்டது.

2016ஆம் ஆண்டு குடியரசுக் கட்சியின் நியமனத்துக்குப் பதினேழு பேர் போட்டியிட முன்வந்தனர். பெப்ரவரி 20ஆம் திகதி தென் கரோலைனா மாநிலத்தில் டொனால்ட் ட்ரம்ப் நூற்றுக்கு 33க்கும் குறைவான வாக்குகளையே பெற்றார். மூவருள் இருவர் வேறு ஒருவரை விரும்பினர். ஆனால், அம்மாநிலத்துப் பிரதிநிதிகள் 50 பேரும் அவருக்கே உரியவராயினர்! மார்ச் 15ஆம் திகதி புளோறிடாவில் நூற்றுக்கு 46க்கும் குறைவான வாக்கு. பிரதிநிதிகளோ 99 பேரும் அவருக்கே. வென்றவருக்கே அனைத்தும் என்ற மாநில விதியின் விளைவு இது. முன்தேர்தல்கள் யாவும் முடிந்தபொழுது நாடு முழுவதிலும் அவர் பெற்றிருந்தவை நூற்றுக்கு 45 அளவிலான வாக்குகள். மகாநாட்டிலோ ஐயந்திரிபற்ற பெரும்பான்மை.

கட்சியின் ஏட்டில் எழுதப்பட்டிருப்பது பெரும்பான்மை விதி. நடைமுறையில் ஆண்டது முதலிட விதி. மாநிலந்தோறும் முதலிடத்தைப் பெரும்பான்மையாக உருமாற்றி, உருமாறிய பின்னர் அதனைக் கூட்டிக் காட்டுவதுதான் இதன் சூட்சுமம். போட்டியாளர் குறைந்த பின்னர் நியூயோர்க் போன்ற மாநிலங்களில் ட்ரம்ப் அரைவாசிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார் என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். பிற்காலத்தில் அக்கட்சி அவரை எவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டது என்பதையும் உலகம் கண்டது. ஒருவருக்கு எதிராக ஒருவராக நின்றிருந்தாலும் அவரே வென்றிருக்கலாம். ஆனால், அக்கேள்வியைக் கேட்க வேண்டிய நேரத்தில் விதி அதனைக் கேட்கவில்லை என்பதே எமது குற்றச்சாட்டு.

ஜனநாயகக் கட்சியின் 2020ஆம் ஆண்டு அனுபவம் இதன் மறுபக்கம். அக்கட்சி பிரதிநிதிகளை வாக்கு விகிதப்படி பங்கிடுகின்றது. நியூஹம்ஷயர் முன்தேர்தலில் சாண்டர்ஸ் முதலிடம் பெற்றார். அவரது வாக்கு நூற்றுக்கு 26க்கும் குறைவு. பெப்ரவரி 29ஆம் திகதி தென் கரோலைனாவில் பைடன் வென்றார். புட்டிஜிஜ், குளோபுச்சார் ஆகியோர் விலகினர். மார்ச் 3ஆம் திகதி வாக்களித்த 14 மாநிலங்களுள் 10 மாநிலங்கள் பைடன் பக்கம் சாய்ந்தன. ஏப்ரல் 8ஆம் திகதி சாண்டர்ஸ் விலகினார். ஒரு மாதத்துக்கு முன் தடுக்க முடியாதவராகத் தோன்றிய முதலிடத்தார், களத்தில் ஆட்கள் குறைந்ததும் இரண்டாமிடத்தாரானார். கால்பங்கு வாக்கு பெற்ற முதலிடத்தை மக்களின் கட்டளை என்று அன்றே முத்திரையிட்டிருந்தால், பின்னர் வாக்களித்த பெரும்பகுதியினரின் கட்டளை என்னவாகியிருக்கும்?

பரிகாரம் யாது?

பெரும்பான்மை கிட்டாதபோது கட்சிப் பிரமுகர்கள் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்பது எமது கருத்தன்று. 2018ஆம் ஆண்டு விதிப்படி, இரண்டாஞ் சுற்றில் வாக்களிக்க எழுநூற்றுக்கும் மேற்பட்ட பிரமுகர்கள் 2020ஆம் ஆண்டில் காத்திருந்தனர். வாக்காளர் அனுப்பாத இவர்கள் வாக்காளரின் தீர்ப்பைத் திருத்துவதற்கு உரிமையுடையவரல்லர். அவர்களைக் கண்டே முதலிட விதியைச் சாண்டர்ஸ் நாடினார் என்றால், அவரது அச்சம் நியாயமானது. அவர் தேடிய அடைக்கலமே தவறானது.

பரிகாரம் வாக்காளரின் கையிலேயே உண்டு. முன்தேர்தலின் வாக்குச் சீட்டிலேயே அவர் தமது முதல் விருப்பத்தையும், அடுத்த விருப்பங்களையும் 1, 2, 3 என்று குறிக்கட்டும். கடைநிலையில் நிற்பவர் நீக்கப்பட, அவரை ஆதரித்தோரின் வாக்குகள் அவர்கள் குறித்த அடுத்தவரைச் சென்றடையட்டும். கட்சி மேலிடத்தார் இரவில் செய்யும் பேரத்தை, வாக்காளர் பகலில் பென்சிலால் செய்துவிடுவார். இது கனவன்று. 2020ஆம் ஆண்டிலேயே அலாஸ்கா, ஹவாய், கன்சாஸ், வயோமிங் ஆகிய நான்கு மாநிலங்களில் ஜனநாயகக் கட்சியினர் இவ்வாறு வாக்களித்தனர். நூற்றுக்கு 15க்குக் குறைந்த ஆதரவு பெற்றோரின் வாக்குகள் வீணாகாமல் மற்றையோருக்குப் பகிரப்பட்டன. ஏனைய மாநிலங்கள் ஏன் தயங்க வேண்டும்?

முன்னிற்பவரை மறுத்தால் அவரது ஆதரவாளர் வெகுண்டு வீட்டிலிருந்துவிடுவர், கட்சி பிளவுறும் என்பது எஞ்சியுள்ள அச்சம். மனிதர் வெகுள்வது தோற்றதனால் அன்று. ஏமாற்றப்பட்டோம் என்று எண்ணுவதனால். விதி முன்னரே அறியப்பட்டு, வாக்குகள் பகிரங்கமாக எண்ணப்பட்டு, ஒவ்வொரு வாக்கும் எங்கிருந்து எங்குச் சென்றது என்பது கண்ணெதிரே தெரியுமாயின், தோற்றவருக்குத் துயரம் இருக்கும், வஞ்சினம் இராது. எந்த வாக்கு முறையும் முற்றிலும் குறையற்றதாக இருக்கமுடியாது என்று கென்னத் அறோ 1951ஆம் ஆண்டில் நிறுவியதைக் கற்றோர் நினைவூட்டுவர். ஒப்புக்கொள்கின்றோம். குறையற்ற மண்வெட்டி இல்லையென்பதற்காக எவரும் விரலால் வரம்பு கட்டுவதில்லை.

எமது கையிலுள்ள பென்சில்

இனி எம் நாட்டுக்கு வருவோம். இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஜனாதிபதித் தெரிவில் முதலிடம் போதாதென்று சொல்கின்றது. செல்லுபடியான வாக்குகளுள் அரைவாசிக்கு மேல் எவருக்கும் கிட்டாவிடில், முதலிருவர் தவிர ஏனையோர் நீக்கப்பட்டு, நீக்கப்பட்டோரின் வாக்காளர் குறித்த அடுத்த விருப்பங்கள் எண்ணப்படும். நாற்பத்தாறு ஆண்டுகளாக ஏட்டில் உறங்கிய இவ்விதி 2024ஆம் ஆண்டிலேதான் முதன்முறையாக விழித்தது. 38 பேர் போட்டியிட்ட அத்தேர்தலில் அநுர குமார திசாநாயக்க நூற்றுக்கு 42.31 வாக்கும், சஜித் பிரேமதாச 32.76 வாக்கும் பெற்றனர். பெரும்பான்மை எவருக்கும் இல்லை. இரண்டாம் எண்ணிக்கையின் பின்னரே திசாநாயக்க ஜனாதிபதியாக அறிவிக்கப்பட்டார்.

இரண்டாம் எண்ணிக்கையின் கணக்கை எம்மவர் எத்தனை பேர் கவனித்தனர்? நீக்கப்பட்ட அபேட்சகர்களுக்குக் கிடைத்திருந்தவை 33 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள். அவற்றிலிருந்து முதலிருவரையும் சென்றடைந்தவை ஏறத்தாழ 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. பன்னிரண்டில் ஒரு பங்கு! எஞ்சியோர் ஒருவருக்கு மட்டும் அடையாளமிட்டுவிட்டு, அடுத்த கூட்டை வெறுமையாக விட்டிருந்தனர். அல்லது நீக்கப்பட்ட இன்னொருவருக்கே அதனையும் அளித்திருந்தனர். இறுதித் தீர்ப்பு எழுதப்பட்டபொழுது அவர்கள் சபையில் இல்லை.

தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனுக்கு வாக்களித்த 2 இலட்சத்து 26 ஆயிரத்துக்கும் அதிகமானோரையும் இங்கு நினைக்க வேண்டும். கொள்கைக்கு வாக்களிப்பதா, வெல்லக்கூடியவருள் ஒருவரைத் தீர்மானிப்பதா என்று அன்று பலர் தம்முள் மல்லாடினர். இரண்டையும் ஒரே சீட்டில் செய்யலாம் என்று சட்டமே இடமளித்திருந்தது. முதலாவது இலக்கம் கொள்கைக்கு, அடுத்தவை தீர்ப்புக்கு. அடுத்த கூட்டை வெறுமையாக விடுவதும் ஒருவரின் உரிமைதான். ஆனால், அது அறிந்து செய்த முடிவாக இருக்கவேண்டும், அறியாமல் விட்ட தவறாக இருத்தலாகாது.

அமெரிக்க வாக்காளர் பெரும்பாலோருக்கு இவ்வசதி இன்றும் இல்லை. அதனாலேயே அங்கு முதலிட வாதம் தலைதூக்குகின்றது. அதனாலேயே பிரமுகரின் அறைக்கதவும் முற்றாக அடைபடவில்லை. எமக்கு அவ்வசதி இருந்தும் நாம் அதனைப் பயன்படுத்தக் கற்கவில்லை. வழக்கறிஞரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் தத்தம் ஊர்களில் இதனை விளக்கிச் சொல்லும் கடமையுடையர். கமக்காரர் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தமது தலைவர் தெரிவிலேயே 1, 2, 3 என்று எண்ணிப் பழகலாம். அரசியற் கட்சிகளும், மேலிடம் பெயரை அறிவிக்க அங்கத்தவர் கைதட்டும் வழக்கத்தை விட்டு, தம் அபேட்சகரை இவ்வாறே தெரிவு செய்ய முன்வரட்டும்.

நாற்பது பேர் ஒன்றுபட்டு நிற்பது அவர்களின் சாமர்த்தியம். அறுபது பேர் இரண்டாக நிற்பது அவர்களின் பலவீனம். சாமர்த்தியத்துக்குப் பரிசும் பலவீனத்துக்குத் தண்டனையும் வழங்குவது விதியின் வேலையன்று. நூறு பேரும் என்ன விரும்புகின்றனர் என்று கேட்டறிந்து, அதன்படி மதகைத் திறப்பதே விதியின் வேலை. அந்தக் கேள்வியைக் கேட்க மறுக்கும் எந்த விதியும், அமெரிக்காவில் இருந்தாலென்ன, எமது குளக்கட்டில் இருந்தாலென்ன, ஜனநாயகத்தின் பெயரைச் சொல்ல அருகதையற்றது.